கயிறும் ஈயக் குண்டும்: கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கதை

நம் செய்திமடலில் இந்தக் காலாண்டுக்கான வாழ்க்கை வரலாற்றுக்கு, பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஐரோப்பியர்களுக்குக் காட்டியவர் கேப்டன் ஜேம்ஸ் குக் என்பதுதான் அந்த ஒரு வரி. அவரைப் பெரிய மாலுமியாக்கிய வேலை பாடப் புத்தகத்தில் வராது. அது துறைமுக வாயில்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் ஆழம் பார்த்து, பாறையும் மணல் திட்டும் எங்கே இருக்கின்றன என்று குறித்து, பின்னால் வரும் கப்பல்களுக்கு அடையாளம் வைக்கிற வேலை. பொறுமை இல்லாதவர்களால் செய்ய முடியாத வேலை அது.

மளிகைக் கடையிலிருந்து நிலக்கரிக் கப்பலுக்கு

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மார்ட்டன் என்ற சிற்றூரில் 1728 அக்டோபரில் குக் பிறந்தார். அப்பா பண்ணைக் கூலி. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. அப்பா வேலை பார்த்த பண்ணையின் முதலாளி பையனின் சூட்டிகையைக் கவனித்து, பள்ளிக்கூடச் செலவை ஏற்றுக்கொண்டார். எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு படிப்பு முடிந்தது.

16 வயதில் ஸ்டெய்த்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் ஒரு மளிகை, துணிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். கடை வாசலில் நின்றால் கடல். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் மனம் கடையில் நிற்கவில்லை. கடைக்காரரே நல்ல மனதோடு அவரைப் பக்கத்து ஊரான விட்பியில் ஜான் வாக்கர் என்ற கப்பல் உரிமையாளரிடம் அழைத்துப்போய் விட்டார். 1746-ல் தொழில் பழகும் பையனாகக் கப்பல் ஏறினார் குக்.

வாக்கரின் கப்பல்கள் நியூகாசில் பக்கமிருந்து லண்டனுக்கு நிலக்கரி ஏற்றிச் செல்பவை. அந்தக் கடலோரம் முழுக்க இடம் மாறும் மணல் திட்டுகள், மூடுபனி, திடீர்ப் புயல். கலங்கரை விளக்கங்கள் குறைவு. நம்பத்தக்க வரைபடங்கள் அதைவிடக் குறைவு. அடிக்கடி ஆழம் பார்த்துக்கொண்டே போகாவிட்டால் கப்பல் தரை தட்டிவிடும்.

ஆழம் பார்க்கும் கருவி எளிமையானது. நீளமான கயிறு, அதன் நுனியில் ஈயக் குண்டு. கயிற்றில் இத்தனை பாகத்துக்கு ஒன்று என்று தோல் துண்டும் துணித் துண்டும் கட்டியிருப்பார்கள். இருட்டில் கையால் தடவிப் பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம். ஒரு பாகம் என்பது ஆறு அடி. குண்டின் அடியில் இருக்கும் குழியில் கொழுப்பைத் தடவி விடுவார்கள். அதில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்தால் கடலின் அடித்தரை எப்படிப்பட்டது என்று தெரியும். நங்கூரம் பிடிக்குமா, பிடிக்காதா என்பதும் அதிலேயே விளங்கும். குக் இந்தப் பாடத்தைக் கற்றது அந்த நிலக்கரிக் கப்பல்களில்தான்.

1755-ல் ஒரு கப்பலின் பொறுப்பையே ஏற்றுக்கொள்ளச் சொன்னார் முதலாளி. 26 வயதுப் பையனுக்கு அது பெரிய வாய்ப்பு. குக் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடற்படையில் சாதாரண மாலுமியாகப் போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1757-ல், தேர்வு எழுதி மாஸ்டர் ஆனார். மாஸ்டர் என்றால் போர்க்கப்பலை வழி நடத்தும் பொறுப்பாளர். கேப்டன் போகச் சொல்லும் இடத்துக்குக் கப்பலைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் கடமை.

கடற்கரையில் ஒரு மேசை

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1758-ல் வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர் கோட்டையை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். அங்கே கரையில் இறங்கிய குக், ஓர் அதிகாரி மூன்று கால் பலகை ஒன்றை நிறுத்தி, அதன் மேல் காகிதம் விரித்து, ஒவ்வொரு குன்றையும் முனையையும் பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பதைக் கண்டார். சாமுவேல் ஹாலண்ட் என்ற அந்தப் பொறியாளர் நிலத்தை அளந்துகொண்டிருந்தார். இதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டார் குக். அவருடைய கப்பலின் கேப்டன் ஜான் சிம்கோ அறிவாளி. அவரும் இருவரையும் ஊக்கப்படுத்தினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல்கள் நின்றிருந்தபோது குக் சும்மா இருக்கவில்லை. கணிதப் புத்தகங்களைப் படித்தார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றைப் பற்றிக் கிடைத்த குறிப்புகளை எல்லாம் சேர்த்து வரைபடம் போட உதவினார். நிலத்தை அளக்கும் முறையும் கடலின் ஆழம் பார்க்கும் முறையும் அவருக்குள் ஒன்றுசேர்ந்தது அந்த மாதங்களில்தான்.

குபெக்குக்குப் போகும் குறுக்குத் தடம்

பிரெஞ்சுக் கனடாவின் தலைநகரம் குபெக். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நெடுந்தூரம் உள்ளே போனால்தான் அதை அடையலாம். அந்த ஆறே நகரத்துக்குக் காவல். 1711-ல் ஓர் ஆங்கிலக் கடற்படை அந்த ஆற்றில் நுழைய முயன்று, இரவு மூடுபனியில் பாறைகளில் மோதியது. எட்டுக் கப்பல்கள் நொறுங்கி, ஏறக்குறைய 900 பேர் இறந்தார்கள். அதை யாரும் மறந்திருக்கவில்லை.

ஆற்றின் மிக மோசமான இடம் ஓர்லியன்ஸ் தீவுக்குக் கீழே இருந்த டிராவர்ஸ் என்ற குறுக்குத் தடம். வடகரையை ஒட்டி வரும் கப்பல்கள் அங்கே திட்டுகளுக்கும் பாறைகளுக்கும் நடுவில் குறுக்காகத் திரும்பித் தென்பக்கம் போக வேண்டும். நீரோட்டம் வேகமானது. கடலின் ஏற்றமும் வற்றமும் அங்கே வரை வரும். போர் வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் வைத்திருந்த அடையாளங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பெரிய போர்க்கப்பல் எதுவும் இதைத் தாண்டாது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

1759 ஜூன் மாதம் குக்கும் மற்றக் கப்பல்களின் மாஸ்டர்களும் படகுகளில் இறங்கினார்கள். நாள்கணக்கில் ஈயக் குண்டைப் போட்டுப் போட்டு எடுத்தார்கள். எங்கே எத்தனை பாகம், எங்கே திட்டு, எந்தப் பக்கம் ஓட்டம் இழுக்கிறது என்று குறித்தார்கள். தடம் தெரிந்ததும் அதன் இரு விளிம்புகளிலும் படகுகளை நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றையே உயிருள்ள மிதவைகளாக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் ஆங்கிலக் கடற்படை வந்தது. போர்க்கப்பல்களும் சரக்குக் கப்பல்களுமாக 200-க்குக் குறையாது. ஒன்றுகூடச் சேதமாகாமல் டிராவர்ஸைக் கடந்து குபெக்கின் எதிரே வந்து நின்றன. சிறிய கப்பலைக்கூடத் தயங்கித் தயங்கி ஓட்டிய இடத்தில் எதிரியின் பெரிய கப்பல்கள் வரிசையாக வருவதைக் கண்டு பிரெஞ்சு அதிகாரிகள் திகைத்துப்போனார்கள்.

இந்தப் பெருமை முழுவதும் குக்குக்கு மட்டும் உரியது என்று சொல்வது சரியாகாது. பலர் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் கடற்படையின் மேலதிகாரிகள் கண்ணில் அவர் பெயர் பட்டது அப்போதிருந்துதான். செப்டம்பரில் குபெக் வீழ்ந்தது. 1763 உடன்படிக்கையில் கனடாவே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஐந்து கோடைக்காலங்கள்

1762 டிசம்பரில் எலிசபெத் பாட்ஸ் என்ற பெண்ணை மணந்தார் குக். மணமாகிச் சில மாதங்களிலேயே நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குக் கிளம்பிவிட்டார். 1763 முதல் 1767 வரை ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தீவின் கரையை அளப்பது, குளிர்காலத்தில் லண்டன் வீட்டில் உட்கார்ந்து வரைபடம் போடுவது என்று காலம் ஓடியது.

நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடித் தொழிலின் களஞ்சியம். ஆனால் அதன் கரை முழுக்க மூடுபனியும் மறைபாறைகளும். ஒவ்வொரு விரிகுடாவாகப் போய், கரையில் இறங்கி, கோணங்களை அளந்து முக்கோணங்களாகப் பிரித்தார் குக். பிறகு படகில் போய் ஆழம் பார்த்து, அந்த முக்கோணங்களுக்குள் எண்களைப் பொருத்தினார். அதுவரை பலரும் கப்பலில் இருந்தபடி கண் மதிப்பாகத்தான் கரையை வரைந்தார்கள். குக்கின் வரைபடங்களை நூறாண்டுக்குப் பிறகும் மாலுமிகள் நம்பிப் பயன்படுத்தினார்கள்.

1764 ஆகஸ்டில் ஒரு விபத்து. கையில் வைத்திருந்த வெடிமருந்துக் கொம்பு வெடித்து, வலது கை கிழிந்தது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொடங்கி மணிக்கட்டு வரை நீண்ட தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது. அந்தத் தழும்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவளப் பாறையில் ஓர் இரவு

1768-ல் எண்டெவர் கப்பலின் தலைமை குக்குக்குக் கிடைத்தது. அது விட்பியில் கட்டிய பழைய நிலக்கரிக் கப்பல். அடிப்பாகம் தட்டையானது, உறுதியானது. தேவைப்பட்டால் கரையில் ஏற்றிப் பழுது பார்க்கலாம். 1769 ஜூன் 3-ல் தாஹிட்டித் தீவிலிருந்து வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு நியூசிலாந்தைச் சுற்றி வரைபடம் போட்டு, 1770 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்து வடக்கே திரும்பினார்கள்.

அந்தக் கரையை ஒட்டி உலகின் மிகப் பெரிய பவளப் பாறைத் தொடர் இருக்கிறது. வடக்கே போகப் போக அது கரையை நெருங்கி வருகிறது. குக்குக்கு இது தெரியாது. தெரியாமலே ஒரு புனலின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தார். ஜூன் 11 இரவு நல்ல நிலா. ஈயக் குண்டு போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆழம் நன்றாகத்தான் இருந்தது. பதினொரு மணி அளவில் கப்பல் பவளப் பாறையில் மோதி அப்படியே நின்றுவிட்டது.

மோதியது கடல் ஏற்றத்தின் உச்சத்தில். இனி நீர் வற்றத்தான் செய்யும். எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகள், எடைக்கல், ஜாடிகள் என்று 40, 50 டன் பொருள்களைக் கடலில் வீசினார்கள். மறுநாள் பகல் ஏற்றம் போதவில்லை. இரவு ஏற்றம் வரும் வரை காத்திருந்தார்கள். கப்பலில் மூன்று பம்புகள்தான் வேலை செய்தன. மாலுமி, அதிகாரி, விஞ்ஞானி என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் முறை வைத்து இறைத்தார்கள். மோதி ஏறக்குறைய 23 மணி நேரத்துக்குப் பிறகு கப்பல் மிதந்தது.

ஓட்டையை என்ன செய்வது? மன்க்ஹவுஸ் என்ற இளைஞர் முன்பு வேறொரு கப்பலில் பார்த்த வித்தையைச் சொன்னார். பழைய பாய் ஒன்றில் கயிற்று நாரும் கம்பளியும் ஆட்டுச் சாணமும் கலந்து தைத்து, அதைக் கப்பலின் அடியில் இழுத்துப் பிடித்தார்கள். நீரின் அழுத்தமே அதை ஓட்டைக்குள் தள்ளியது. மூன்று பம்பு செய்த வேலைக்கு ஒரு பம்பு போதும் என்று ஆனது.

புயலுக்கு முன் வைத்த மிதவைகள்

பழுது பார்க்க ஓர் இடம் உடனே வேண்டும். முன்னே அனுப்பிய படகு ஒரு சிறிய ஆற்றின் முகத்துவாரத்தைக் கண்டுபிடித்து வந்தது. ஜூன் 14 அன்று கப்பல் வெளியே நங்கூரமிட்டு நின்றது. குக் யாரையும் அனுப்பவில்லை. தானே படகில் ஏறிப் போய் ஆழம் பார்த்தார். வாய்க்கால் அவர் எதிர்பார்த்ததைவிடக் குறுகல். இரு பக்கமும் மணல் திட்டு. தடத்தின் ஓரங்களில் மிதவைகளை வைத்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பிய பிறகு காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் அசையவே முடியவில்லை. வாசல் கண்ணெதிரே இருக்கிறது. கப்பலின் அடியில் ஓட்டை. உள்ளே போக வழியில்லை. அந்த நிலையில் அவசரப்பட்டு நுழைந்திருந்தால் கப்பல் திட்டில் சிக்கி, அலையடித்தே உடைந்திருக்கும். ஜூன் 17 காலை காற்று சற்றுத் தணிந்ததும் நுழைந்தார்கள். அப்போதும் இரண்டு முறை தரை தட்டியது. ஆனால் இருந்தது மணல், பாறை இல்லை. கடைசியில் தென்கரையை ஒட்டிக் கப்பலைக் கட்டினார்கள். கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பெரிய ஓட்டையை அதே பவளத்தின் உடைந்த துண்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அது விழுந்திருந்தால் எந்தப் பம்பும் காப்பாற்றியிருக்காது.

அந்த ஆற்றுக்கு எண்டெவர் என்றே பெயர் வைத்தார் குக். இன்று அங்கே குக்டவுன் என்ற ஊர் இருக்கிறது. கடலில் வீசிய ஆறு பீரங்கிகளையும் 1969-ல் தேடி எடுத்தார்கள்.

ஆமைகளும் முனை உடைந்த ஈட்டியும்

ஏறக்குறைய ஏழு வாரம் அங்கே தங்கினார்கள். அது கூகு யிமிதிர் மக்களின் மண். முதலில் விலகி நின்றவர்கள் ஜூலையில் நெருங்கி வந்து பேசினார்கள். கங்காரு என்ற சொல் உலக மொழிகளுக்குப் போனது அவர்களிடமிருந்துதான்.

பிறகு ஒரு சண்டை. மாலுமிகள் பிடித்து வைத்திருந்த கடல் ஆமைகளைப் பார்த்து, எங்களுக்கும் கொடுங்கள் என்று அந்த ஆட்கள் கேட்டார்கள். கப்பல்காரர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் கடலில், தங்களைக் கேட்காமல் பிடித்ததில் ஒரு பங்கு கேட்டதாகவே அவர்கள் நினைத்திருக்க வேண்டும். கோபத்தில் கரையில் இருந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சிறு குண்டுகளைச் சுட்டார், ஒருவருக்குக் காயம். அதற்குப் பிறகு பெரியவர் ஒருவர் முனையில்லாத ஈட்டியோடு முன்னே வந்தார். பேசிச் சமாதானம் ஆனது. அந்தப் பெரியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் குக்டவுனில் இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள்.

இந்த இடத்தில் நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். வாசலில் ஆழம் பார்த்து மிதவை வைக்கத் தெரிந்த குக்குக்கு, வாசலுக்கு உள்ளே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் ஆகஸ்ட் 22 அன்று, வடக்கு முனையில் ஒரு தீவில் கொடியேற்றி, கிழக்குக் கரை முழுவதும் தன் மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அங்கு வாழ்ந்த ஒருவரையும் கேட்கவில்லை. 1788-ல் குடியேற்றக் கப்பல்கள் வந்தன. 1873-ல் தங்கம் தேடிப் பெருங்கூட்டம் எண்டெவர் ஆற்று வழியாகவே நுழைந்தது. கூகு யிமிதிர் மக்கள் தங்கள் நிலத்தை இழந்தார்கள்.

தழும்பு

அடுத்த பயணத்தில், 1773 ஜனவரியில், தென்துருவ வட்டத்தைத் தாண்டினார் குக். பயணம் முடிந்ததும் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்துச் சிறப்பித்தது. வீட்டில் ஓய்வாக இருந்திருக்கலாம். 1776-ல் மூன்றாவது முறையும் கிளம்பினார். இந்தப் பயணத்தில் அவர் பழைய குக் இல்லை என்று கூட வந்தவர்கள் உணர்ந்தார்கள். சின்னத் தவறுக்கும் கடும் தண்டனை. தீவு மக்களிடமும் கடுமை.

1779 பிப்ரவரியில் ஹவாயின் கியலகேகுவா விரிகுடாவில் கப்பலின் படகு ஒன்று திருடுபோனது. அதை மீட்பதற்காகத் தீவின் மன்னரையே பிணையாகப் பிடித்து வரக் கரையில் இறங்கினார் குக். கூட்டம் திரண்டது. கைகலப்பில் குக்கும் நான்கு கடற்படை வீரர்களும் கொல்லப்பட்டார்கள். ஹவாய் மக்களிலும் பலர் இறந்தார்கள். அது பிப்ரவரி 14. குக்குக்கு வயது 50. சில நாள் கழித்து ஹவாய்க்காரர்கள் உடலின் பகுதிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது குக் தான் என்று உறுதி செய்தது, நியூஃபவுண்ட்லாந்தில் வெடிமருந்து கிழித்த அந்தக் கைத் தழும்பு.

எலிசபெத் அதற்குப் பிறகு 56 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆறு பிள்ளைகளையும் தன் கண்முன்னே இழந்தார். 1835-ல், 93 வயதில் காலமானார். கணவர் எழுதிய கடிதங்களை அதற்கு முன்பே அழித்துவிட்டார். பசிபிக் கடல் முழுவதையும் காகிதத்தில் வரைந்துவைத்த மனிதரின் வீட்டுப் பக்கம் நமக்கு அதிகம் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

குக்கின் வாழ்க்கையிலிருந்து இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாத வாசலில் நுழையும் முன் தானே இறங்கி ஆழம் பார்த்த பொறுமை அவரைப் பலமுறை காப்பாற்றியது. மனிதர்கள் விஷயத்தில் அந்தப் பொறுமையைக் கைவிட்ட நாளில் உயிர் போனது. வீட்டில் பிள்ளைகளிடம் உலக வரைபடம் இருந்தால், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் குக்டவுனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மிதவை வைத்தவரின் கதையைச் சொல்லும்போது, முனையில்லாத ஈட்டியோடு வந்த பெரியவரின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.